ஒரு திவசம் முன்னால்

கெட்ட நாள் என்று தனியாக ஒன்று கிடையாது. சரித்திரம் தெரியாதவரைக்கும் எல்லா நாளும் நல்ல நாள். தெரிந்துகொண்டுவிட்டால் எல்லா நாளும் கெட்ட நாள்தான். இந்த ஞானம் எனக்குக் கல்யாண வயதில் வந்து தொலைத்தது. அதனால்தான் எனக்கு ரொம்ப நாள் யாரும் பெண் கொடுக்கவில்லை.

எனக்கு ஒரு வியாதி. இதே நாளில் உலகத்தில் முன்பு என்னென்ன நடந்தது என்று தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் படித்துவிடுவேன். படித்தால் மட்டும் போதாது, அதை இருட்டுவதற்குள் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும். கேரளத்தில், கழக்கூட்டம் என்கிற இடத்தில் நான் வேலை பார்த்த மென்பொருள் கம்பெனியில் என் பெயரே ‘இதே நாளில்’ என்று ஆகிவிட்டது. ஒரு ஜனவரி இருபத்தெட்டாம் தேதி, வாடிக்கையாளருக்கு வேலையை ஒப்படைக்கிற அன்று காலை, ‘இதே நாளில் விண்கலம் வெடித்துச் சிதறியது’ என்று அலுவலகக் குழுவில் போட்டேன். மத்தியானம் எங்கள் மென்பொருளும் படுத்துவிட்டது. நான் அதைத் தொடக்கூட இல்லை. ஆனாலும் மொத்த டீமும் திரும்பி என்னைத்தான் பார்த்தது.

வேலை போனால் இன்னொரு வேலை. பெண் பார்க்கப் போன இடங்களில் நடந்ததுதான் தாங்க முடியாதது. முதல் இடத்தில் பெண்ணின் அப்பா, “இன்னைக்கு ரொம்ப விசேஷமான நாளாப் பாத்துத்தான் வரச் சொன்னேன்” என்றார். அன்று செப்டம்பர் ஒன்று. “ஆமா மாமா, ரெண்டாம் உலகப் போர் ஆரம்பிச்ச நாள்” என்றேன். இன்னொரு இடத்தில் பெண்ணின் அப்பா கட்டட கான்ட்ராக்டர். தானே நின்று கட்டிய புது வீட்டின் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினார். அன்று நவம்பர் ஒன்பது. பெர்லின் சுவர் இடிந்த கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். (கேட்டுக்கொண்டுதான் இருந்தார் பாவம்.) இரண்டு வீட்டிலிருந்தும் ஜாதகம் பொருந்தவில்லை என்று பதில் வந்தது. ஜாதகத்தின் மேல் என்ன தப்பு?

எங்களுக்கு ஆரியசாலையில் பாத்திரக்கடை. திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்த குடும்பம். அப்பா கடையை விட்டு நகர மாட்டார். என் கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்டால் ஒரு அண்டாவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அம்மாதான் விடாமல் பெண் தேடினாள்.

அப்படித்தான் கரமனையில் ஸ்ரீகலாவின் ஜாதகம் கிடைத்தது. அவர்களும் தமிழர்கள்தான், ஆனால் நாலு தலைமுறையாகக் கேரளம். தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிக்கிறவர்கள். பெண் பார்க்கக் கிளம்பும்போது அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ராசா, அங்க போனதும் மிக்சர் தருவாவ. அதை அள்ளி வாயில போட்டுக்க. முழுங்காத.”

“எதுக்கும்மா?”

“நீ வாயத் தொறந்தாத்தான எவனாவது சாவான்.”

முழுங்கவில்லை. ஸ்ரீகலா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்து, “உங்களுக்கு எங்கிட்ட ஒண்ணும் கேக்கண்டாமா?” என்று கேட்டாள். வாய் நிறைய மிக்சரோடு தலையை ஆட்டினேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு இந்த இடம் தவறினால் பிறகு வேறு இடமே வேண்டாம் என்று தோன்றிவிட்டது. இரண்டு நாள் கழித்துச் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். பையன் அடக்கமானவன், அதிகம் பேசுகிறதில்லை என்பது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்றாம்.

(விதி சிரித்த சத்தம் ஆரியசாலை முழுக்கக் கேட்டிருக்கும்.)

அவள் நம்பர் கிடைத்ததும் என்ன செய்தேன் என்று சொல்லவும் வேண்டுமா? தினமும் காலையில் ‘இதே நாளில்’ அனுப்பினேன். முதலில் கட்டைவிரல் பொம்மை ஒன்று பதிலாக வந்தது. விஷு வந்தது. அந்த வருடம் எங்கள் வருஷப் பிறப்பு முந்தின நாள், விஷு மறுநாள். ‘டைட்டானிக் கப்பல் சித்திரை ஒண்ணாம் தேதி ராத்திரி பனிப்பாறையில் மோதி, விஷு விடியுமுன் மூழ்கியது’ என்று, இரண்டு பண்டிகையையும் சேர்த்து, அழகாக எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு கட்டைவிரலும் வரவில்லை. வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து ஸ்ரீகலாவின் அப்பா எனக்கே போன் செய்தார். கடையில் பாத்திரங்கள் உருளும் சத்தத்தில் என் அப்பாவுக்கு ஒன்றும் கேட்காது என்பதால், தேதி விஷயமெல்லாம் என்னோடு பேசலாம் என்று நானே முன்வந்து சொல்லியிருந்தேன். தேதிகளில் நான்தானே புலி. போன் வந்தபோது கழக்கூட்டம் பைபாஸில் லாரிகளுக்கு நடுவில் பைக்கில் நின்றிருந்தேன்.

“தம்பி, நிச்சயம் வைக்கணும் அல்லே. அதுக்கு ஆண்டு கழியணும்...”

ஒரு ஆண்டு கழிய வேண்டுமாம்! ஒரு வருடம் நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பேன்? லாரி ஒன்று ஹாரன் அடித்தது. “...பிற்றே திவசம்...” என்றார். மறுபடி ஹாரன். “...மேடம் இருபத்திமூணு. செரியா?”

மேடம் என்பது சித்திரை மாதத்துக்கு மலையாளப் பெயர். (அலுவலகத்தில் கூப்பிடுகிற மேடம் இல்லை.) இதே சித்திரை! இன்னும் மூன்று வாரம்கூட இல்லை! “செரி மாமா, செரி மாமா” என்று கத்தினேன். போன உயிர் வந்த சந்தோஷத்தில் கிழமையைக் கேட்கவில்லை, இங்கிலீஷ் தேதியைக் கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை.

இங்கே இரண்டு வார்த்தைகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டுத் தமிழில் ஆண்டு என்றால் வருடம், திவசம் என்றால் செத்தவருக்கு வருடா வருடம் செய்கிற சடங்கு. மலையாளத்தில் ஆண்டு என்பதுதான் அந்தச் சடங்கு. திவசம் என்றால் வெறும் நாள். அவர் சொன்னது, ‘போன வருடம் தவறிய என் அப்பாவுக்கு ஆண்டு கழியட்டும், அதற்கு மறுநாள் நிச்சயம் வைத்துக்கொள்வோம்’ என்று. நான் ஆண்டைத் தமிழாகவும் திவசத்தை மலையாளமாகவும் எடுத்துக்கொண்டேன். இரண்டையும் மலையாளமாகவே எடுத்திருந்தால் மானம் தப்பியிருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், இந்த ஊர்த் தண்ணீரைத்தான் குடித்தவன். ஆனாலும் சமயத்தில் எந்த மொழி எந்தப் பக்கமிருந்து வந்து காலை வாரும் என்று சொல்ல முடிவதில்லை.

அதோடு போயிருந்தாலும் பிழைத்திருப்பேன். அப்பா கடையில் மாட்டியிருந்த தமிழ்க் காலண்டரைப் புரட்டினார். சித்திரை இருபத்திமூன்று, மே ஆறு, சனிக்கிழமை.

“ஏல மகேசு, சனிக்கிழமை பாத்து எவனாது நிச்சயம் வப்பானா?”

“ஐடி காரங்களுக்கு சனிக்கிழமை லீவுப்பா. அவங்க அதெல்லாம் யோசிச்சிருப்பாங்க.”

“எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடு” என்றாள் அம்மா.

“தேதி விஷயத்துல எனக்கு நீ சொல்லித் தரியா?” என்றேன். இப்படித்தான் கேட்டேன். இன்றும் நினைத்தால் காது சுடுகிறது.

சூரியன் ராசி மாறுகிற நேரம் மத்தியானத்தைத் தாண்டிவிட்டால் தமிழுக்கு அன்றைக்கே மாதம் பிறந்துவிடும், மலையாளத்துக்கு மறுநாள்தான். அந்த வருடம் அப்படித்தான் பிறந்திருந்தது. மாதம் முழுக்க அவர்கள் எங்களுக்கு ஒரு நாள் பின்னால். எங்கள் சித்திரை இருபத்திமூன்று அவர்களுக்கு மேடம் இருபத்திரண்டு. இது எனக்குத் தெரியாதா? ஒரு நாள் வீட்டில் வருஷப் பிறப்புப் பாயசம் குடித்து, மறுநாள் நண்பன் வீட்டில் விஷுப் பாயசம் குடித்தவன் நான். அதை வைத்துக் கப்பல் கதையே எழுதி அனுப்பியவன். இரண்டு பாயசமும் வயிற்றுக்குப் போனதே தவிர ஒரு சொட்டு மூளைக்கு ஏறவில்லை.

மே ஆறில் என்ன நடந்தது என்று பார்த்தேன். உலகத்தின் முதல் தபால்தலை புழக்கத்துக்கு வந்த நாள். இங்கிலாந்தையும் பிரான்ஸையும் கடலுக்கு அடியில் இணைத்த சுரங்கப் பாதை திறந்த நாள். இரண்டு தேசங்கள் சேர்ந்த நாளில் இரண்டு குடும்பங்கள் சேர்வதற்கு என்ன தடை? அதே நாளில் ஒரு ராட்சத ஆகாயக்கப்பல் தரையிறங்கும் நேரத்தில் தீப்பிடித்து எரிந்ததையும் படித்தேன். அதை மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அவளுக்கு, ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று ஒரு செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. வெட்கப்படுகிறாள் என்று நினைத்து நானும் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

ஆரியசாலைக்கும் கரமனைக்கும் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் அப்பா வேன் பிடித்தார். வீட்டில் முதல் விசேஷம் என்பதால் நாகர்கோவிலிலிருந்து நாதஸ்வர செட்டும் வரவழைத்துவிட்டார். பூத்தட்டு, பழத்தட்டு, பட்டுப்புடவைத் தட்டு எல்லாம் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டோம். போளித் தட்டை அத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அப்பாவின் அக்கா. ஊருக்கே கேட்கிற தொண்டை.

அவர்கள் வீட்டு வாசலில் பந்தல் இல்லை, தோரணம் இல்லை, ஒரு கோலம்கூட இல்லை. ஆள் நடமாட்டமே இல்லை.

“ஆடம்பரம் இல்லாத குடும்பம்” என்றார் அப்பா, ரொம்பத் திருப்தியாக. பிறகு மேளக்காரர்களைப் பார்த்து, “நாம வந்தது தெரியட்டும், ஊதுங்கய்யா” என்றார்.

ஊதினார்கள். தவில்காரருக்கு அன்று என்ன உற்சாகமோ, சந்தே அதிர்ந்தது. வீட்டின் பின்பக்கத்திலிருந்து பலமாகக் கைதட்டும் ஓசை கேட்டது.

“பாத்தியா, மேளத்துக்குக் கை தட்டுதாவ” என்றாள் அத்தை. அப்பா உடனே தவில்காரருக்கு இன்னும் பலமாக என்று சைகை காட்டினார். கைதட்டல் இன்னும் வேகமாயிற்று. தவிலும் வேகமாயிற்று. நாங்கள் சிரித்த முகத்தோடு, தட்டுகளோடு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனோம்.

அங்கே முற்றத்தில் ஸ்ரீகலாவின் அப்பா இடுப்பில் ஈரத் தோர்த்துத் துண்டோடு, விரலில் தர்ப்பையோடு நின்றிருந்தார். முன்னால் வாழையிலை. அதில் எள்ளும் பூவும் வைத்த பலிச்சோறு. ஈரக் கையைத் தட்டிக் காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மாமரத்தில் இருந்த காக்கை, மதிலில் இருந்த காக்கை, பக்கத்து வீட்டு ஓட்டில் இருந்த காக்கை எல்லாம் ஒன்றுவிடாமல் எழும்பி, கரமனை ஆற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஓரத்தில் ஸ்ரீகலா, சாயம் போன நைட்டியில், தலையில் ஈரத் துண்டோடு, கையில் தண்ணீர்க் கிண்டியோடு நின்றாள். மேளம் கடைசியாக ஒரு தட்டுத் தட்டி நின்றது.

“எந்தா இது?” என்றார் அவர்.

“நிச்சயத்துக்கு வந்திருக்கோம்லா” என்றார் அப்பா.

“நிச்சயம் நாளைக்காக்கும்.”

“சித்திரை இருபத்திமூணு இன்னைக்குத்தான?”

“எனக்கெந்து சித்திரை? நான் சொன்னது மேடம். மேடம் இருபத்திமூணு நாளைக்கு. உங்களுக்குத் திவசம் மாறிப்போச்சு.”

அத்தைக்கு அந்த ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. “திவசமா!” என்று அலறினாள். “திவச வீட்டுக்கா மேளத்தோட வந்திருக்கோம்!”

“நான் பறஞ்ஞது நாளு மாறிப்போச்சுன்னு. இது ஆண்டாக்கும்” என்றார் அவர். பிறகு இலையைப் பார்த்தார். “ஆனா நீங்க சொன்னதும் செரிதான்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு குடும்பம், நாதஸ்வரக்காரர், தவில்காரர், வேன் டிரைவர். அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்ன பேச வேண்டும்? மன்னிப்புக் கேட்க வேண்டும், காலில் விழ வேண்டும். என் தலைக்குள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. “மாமா, இதே நாள்லதான் ஒரு ஆகாயக்கப்பல் எறங்குற நேரத்துல...” என்று ஆரம்பித்தேன். அப்பா என் காலை மிதித்தார். செருப்புக் காலோடு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. மங்கலத் தட்டைப் பலி நடக்கிற வீட்டுக்குள் வைக்க முடியாது. வைக்காமல் திருப்பிக் கொண்டுபோனால் அபசகுனம். அதனால் எங்கள் ஆட்கள் எல்லாரும் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் மதிலோரமாக நின்றார்கள். காக்கை வந்து எடுக்காமல் அந்த வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. காக்கை வரவில்லை. அவர் கை தட்டத் தட்ட வானம் காலியாகவே கிடந்தது.

அவர்கள் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “போய்ச் சேர்ந்த அப்பூப்பனுக்கு இந்த சம்பந்தம் இஷ்டமில்ல போல.”

யாரும் மறுக்கவில்லை. ஸ்ரீகலாவின் அப்பாவும் மறுக்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சரித்திரத்தில் எத்தனை சாம்ராஜ்யங்கள் சரிந்த கதையை வாய் வலிக்கச் சொல்லியிருப்பேன். அப்போது ஒரு முறையும் எனக்கு வலித்ததில்லை. உலகமெல்லாம் இந்த நாளில் என்ன நடந்தது என்று தெரிந்துவைத்திருந்தவனுக்கு, இந்த ஒரு வீட்டில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. அவர்கள் ஒரு வருடம் காத்திருந்து செய்கிற காரியத்தில் நான் தவில் அடித்துவிட்டேன்.

ஸ்ரீகலா கிண்டியோடு என் பக்கம் வந்தாள். “கையை நீட்டுங்க” என்றாள். நீட்டினேன். தண்ணீர் ஊற்றினாள்.

“தட்டுங்க. நீங்க ஓட்டின காக்காயை நீங்கதானே விளிக்கணும்.”

தட்டினேன். உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினேன். (தவில்காரர் பின்னாலிருந்து, “தம்பி, தாளம் தப்புது” என்றார்.) நடுவில் அவளிடம் கிசுகிசுத்தேன்.

“நாளைக்குப் பாப்போம்னு நேத்து மெசேஜ் அனுப்பினேனே, பாக்கலையா?”

“உங்களை மியூட்ல போட்டிருக்கு.”

“எப்போலேர்ந்து?”

“கப்பல் முங்கினதுலேர்ந்து. விஷுவும் அதுவுமா கணி கண்டிட்டு போனை எடுத்தா, ஆளுக செத்த கதை. யாராவது அனுப்புவாங்களா?”

தட்டிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் எங்கிருந்தோ ஒரே ஒரு காக்கை வந்து மதிலில் உட்கார்ந்தது. அது தத்தித் தத்தி நடந்தது. தலையைச் சாய்த்து இலையைப் பார்த்தது. பிறகு மதிலிலேயே நடந்து வந்து, அத்தை பிடித்திருந்த தட்டில் ஒரு போளியைக் கொத்தித் தூக்கியது. அத்தை வாயைத் திறந்தாள்.

“மிண்டாதீங்க!” என்று அதட்டினார் ஸ்ரீகலாவின் அப்பா. என் அத்தையை அதட்டி வாயை மூட வைத்த ஒரே மனிதர் இன்றுவரை அவர்தான்.

காக்கை போளியை மதிலில் வைத்து நிதானமாகத் தின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைத் தோர்த்து நுனியால் துடைத்துக்கொண்டார்.

“அப்பாக்கு சுகர் உண்டு” என்றார், பொதுவாக எல்லாரிடமும். “கடைசில போளி போளின்னு கேட்டுட்டே கிடந்தாரு. நான்தான் குடுக்கல்ல.”

பிறகு அந்தக் காக்கை இறங்கி வந்து இலையில் வாய் வைத்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு வந்தன. ஸ்ரீகலா தலைத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. (சிரித்தாளாம். பிறகு சொன்னாள். அழுகையும் கொஞ்சம் இருந்ததாம்.)

அவர் என்னிடம் வந்தார். “தம்பி, நாளைக்கு வாங்க. நாளைக்குன்னா மேடம் இருபத்திமூணு. உங்களுக்குச் சித்திரை இருபத்திநாலு. மே ஏழு. ஞாயிறாழ்ச. மேளம் வேண்டாம். மனசிலாயா?”

“மனசிலாயி மாமா” என்றேன்.

அதே வேன், அதே தட்டுகள், புதுப் போளி. மறுநாள் நிச்சயம் நடந்தது. மே ஏழு, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி சரணடைந்து கையெழுத்துப் போட்ட நாள். காலையிலேயே படித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வயிறு உப்பித்தான் இருந்தது. மோதிரம் போடும்போது உடம்பு சரியில்லையா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

இதெல்லாம் முடிந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் அந்த வீட்டில் ஆண்டு நடக்கும்போது இலைக்குப் பக்கத்தில் ஒரு போளி வைக்கிறார்கள். காக்கை தின்று முடிக்கும்வரை நான் சந்து முனையில் போய் நிற்க வேண்டும் என்பதும் சடங்கில் ஒரு பகுதியாகிவிட்டது. என்னிடம் யார் எந்தத் தேதியைச் சொன்னாலும் தமிழ், மலையாளம், இங்கிலீஷ், கிழமை என்று நாலையும் சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்லவும் வைக்கிறார்கள். பல் டாக்டரிடம் போவதாக இருந்தாலும் இதுதான்.

மே ஆறாம் தேதி வந்தால் போதும். நான் பல் துலக்குவதற்குள் குடும்பக் குழுவில் மாமனாரின் செய்தி வந்துவிடும்: ‘இதே திவசம்: ஆகாயக்கப்பல் தீப்பிடிச்சுக் கத்திப்போச்சு. ஒரு மருமகன் ஒரு திவசம் முன்னால வந்து காக்காயை ஓட்டினான்.’ அதன் கீழே அத்தையிலிருந்து ஆரம்பித்து எல்லாரும் வரிசையாகச் சிரிப்பார்கள். ஸ்ரீகலாவும் ஒரு சிரிப்புப் பொம்மை போடுவாள். எனக்கு ஒருநாளும் போடாத பொம்மை.

இந்த வருடம் ஆற்றாமை தாங்காமல், மறுநாள் காலையில் அவளுக்கு மட்டும் தனியாக ஒன்று எழுதி அனுப்பினேன். ‘இதே நாளில் ஜெர்மனி சரணடைந்தது. நானும்.’ அடித்துத் திருத்தி, அரை மணி நேரம் யோசித்து எழுதியது. வாழ்நாளிலேயே நான் எழுதிய நல்ல வரி அதுதான். சாயங்காலம்வரை பதில் இல்லை. விடுமுறை வகுப்பு முடிந்து அவள் வந்ததும், மெசேஜ் பார்த்தாயா என்று கேட்டேன்.

“என்ன மெசேஜ்?” என்றாள்.

மியூட்டை இன்னும் எடுக்கவில்லை.